இஞ்சரா நம்ம தோசைதானே? அதற்கா 20 டாலர்?

கேள்வி
3 பிப்ரவரி 2024, காலை 11.20

மேரிலாந்து பக்கம் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து சில்வர் ஸ்பிரிங்கில் ஓர் எத்தியோப்பிய உணவகத்துக்குப் போகிறார்கள். நான் சைவம். படத்தைப் பார்த்தால் இஞ்சரா என்கிற பெரிய தோசை மேல் கூட்டும் பொரியலும் பருப்பும் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. தோசையும் பருப்பும் வீட்டிலேயே கிடைக்கிறதே, அதற்கு ஏன் 20 டாலர்? போனவர்கள் யாராவது சொல்லுங்கள். போகலாமா, வயிற்று வலி என்று சொல்லி நழுவிவிடலாமா?

3 பிப்ரவரி, இரவு 10.05

நழுவாதீர்கள். ஆனால் தோசை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். நான் அப்படிப் போய் மாட்டிக்கொண்டவள்.

2011, இந்த ஊருக்கு வந்த புதிது. வீட்டுக்காரர், அவருடைய நண்பர், நண்பரின் மனைவி, நான் என்று நாலு பேர். மேசைக்கு வந்தது ஒரே ஒரு தட்டு. கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு இருக்கும். சாம்பல் பூத்த பழுப்பில் ஓர் இஞ்சராவை அதில் விரித்து, மேலே எட்டு விதம் குவியல் குவியலாக. பக்கத்தில் சுருட்டி வைத்த இஞ்சரா இன்னும் நாலைந்து. ஸ்பூன் இல்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. கையால் சாப்பிட நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆனால் தட்டு ஒன்றுதான் என்று புரிந்ததும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் படக்கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் கடித்த வடையின் மறுபாதிக்கு வாரிசு கிடையாது. அப்படி வளர்ந்தவள், அன்றைக்குத்தான் இரண்டாவது முறையாகப் பார்க்கிற ஒரு பெண்ணோடு ஒரே தட்டில் கை வைப்பதா? தனித்தனித் தட்டு கேட்டேன். பரிமாறிய அம்மா ஒன்றும் சொல்லாமல் நாலு வெள்ளைத் தட்டு கொண்டுவந்து வைத்தார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டதில் எல்லாக் குழம்பும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமானது. அப்புறம் நான் இஞ்சராவைச் சோறு மாதிரி பிசைந்தேன். ஈரத் துணியைப் பிசைந்த மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் புளிப்பு தூக்கியடித்தது. மாவு கெட்டுப்போயிருக்கிறது என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, மாலை 5.30

2014இல் வேலை மாறினேன். பக்கத்து இருக்கையில் எத்தியோப்பியப் பெண். என் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “பிசைந்தாயா?” என்று இரண்டு முறை கேட்டாள். அன்று மதியமே இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் காட்டியது இதுதான். வலது கையால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இஞ்சரா கிழிக்க வேண்டும். அதை விரல் நுனிகளுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பிடித்து, குழம்பை அப்படியே கிள்ளி எடுத்து, மூடி, வாயில். சரியாகச் செய்தால் விரலில் ஒரு சொட்டு ஒட்டாது. நாம் சாப்பிடுவது கையால். அவர்கள் சாப்பிடுவது இஞ்சராவால், கை அதைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ரசம் சாதத்தை உள்ளங்கை வரை இழுத்து வழித்துச் சாப்பிடும் பரம்பரைக்கு இது கொஞ்சம் கஷ்டம். விரலை நக்குவது அங்கே அநாகரிகம். நான் நக்கினேன்.

முக்கியமானது தட்டின் எல்லை. உங்கள் எதிரே இருக்கும் பகுதிதான் உங்களுடையது. எதிராளியின் பக்கம் கையை நீட்டி எடுக்கக்கூடாது. வயலுக்கு நடுவில் வரப்பு இருக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று அந்தத் தட்டில் இருக்கிறது. இது தெரிந்ததும் என் எச்சில் பயம் பாதி போய்விட்டது. விரல் குழம்பில் படுவதில்லை, துண்டு திரும்பத் தட்டுக்குப் போவதில்லை, அடுத்தவர் வரப்புக்குள் நீங்கள் போவதில்லை. அப்புறம் எங்கே எச்சில்?

மீதிப் பாதி போகவில்லை. அதற்குக் காரணம் குர்ஷா. அது தனிக்கதை.

சைவக்காரருக்கு: “யெத்சோம் பேயாய்நெத்து” என்று கேளுங்கள். விரதத் தட்டு என்று அர்த்தம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள். இறைச்சி மட்டும் அல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. நீங்கள் போவது வெள்ளிக்கிழமை, நல்லதாகப் போயிற்று. மைசூர்ப் பருப்பில் செய்த மிஸிர் வோத், மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு கிக் அலிச்சா, கீரை வதக்கல் கோமென், முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் காரட்டும் சேர்ந்த பொரியல், இதெல்லாம் வரும். ஷிரோ என்று ஒன்று உண்டு, கடலை மாவுக் குழம்பு, கொதிக்கக் கொதிக்க மண் சட்டியில் வரும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு 9.15

கண்ணைத் திறந்துகொண்டே சொல்லுங்கள். ஷிரோவில் “போசெனா ஷிரோ” என்று ஒரு வகை உண்டு, அதில் மாட்டிறைச்சித் துண்டுகள் கிடக்கும். சாதா ஷிரோவிலும் சில இடங்களில் நித்திர் கிபே ஊற்றுவார்கள். இஞ்சி, பூண்டு, மஞ்சள், வெந்தயம், அவர்கள் ஊர் ஏலக்காய் எல்லாம் போட்டு உருக்கி வடிகட்டிய நெய் அது. உங்களுக்கு நெய் பிரச்சினை இல்லை என்றால் விடுங்கள், வாசனை ஊரைக் கூட்டும். பால் பொருளே வேண்டாம் என்பவர்கள் “த்சோம்” (விரதம்) என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

5 பிப்ரவரி, மதியம் 1.10

20 டாலர் விஷயத்துக்கு வருகிறேன்.

இஞ்சரா மாவு தெஃப் என்ற தானியத்தில் ஆனது. நம் கேழ்வரகு மாதிரி, அதைவிடச் சின்னது. மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். எங்களுடையது போல ராத்திரி வைத்து விடியற்காலையில் எடுக்கிற புளிப்பு இல்லை. மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் தண்ணீருக்கு எர்ஷோ என்று பெயர். அதில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த மாவுக்கு உறை ஊற்றுவார்கள், தயிருக்கு நாம் செய்கிற மாதிரி. அப்புறம் புளித்த மாவில் ஒரு பங்கை எடுத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, திரும்ப மாவிலேயே ஊற்றிக் கலக்குவார்கள். இதற்கு அப்சித் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் பாலப்பத்துக்குக் கப்பி காய்ச்சி ஊற்றுகிறார்களே, அதே வேலை. இது இல்லாவிட்டால் இஞ்சராவில் கண் திறக்காது. மேல்பக்கம் தெரியும் அந்த ஆயிரம் ஓட்டைகளை அவர்களும் கண் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகையால் ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் தோசையோடு ஒப்பிடாதீர்கள், ஆப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம்தான் வேகும், மூடிபோட்டு, ஆவியில். எண்ணெய் கிடையாது, முறுகல் கிடையாது.

அப்புறம், இருவர் தட்டு என்று சொல்வதை மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் வயிறு கணக்குச் சொல்லும். 20ஐ மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

6 பிப்ரவரி, காலை 7.40

தெஃப் கேழ்வரகு மாதிரி என்று எழுதியிருந்தேன். ராத்திரி படுக்கும்போதே உறுத்தியது. தெஃப் வேறு, கேழ்வரகு வேறு. தெஃப் மணி கசகசாவை விடப் பொடிசு. ஒரு கோதுமை மணியின் எடைக்கு 150 தெஃப் மணி வேண்டும் என்பார்கள். கையில் அள்ளினால் மணல் மாதிரி விரலிடுக்கில் ஓடிவிடும்.

ஆனால் என் தப்பில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நம் கேழ்வரகே அங்கிருந்து வந்ததுதான். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் முதலில் பயிராகி, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் கடல் தாண்டி நம் பக்கம் வந்திருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் தகுசா. அதிலும் இஞ்சரா சுடுகிறார்கள். தோழியிடம் களியின் படத்தைக் காட்டினேன். “கென்ஃபோ மாதிரி இருக்கிறதே” என்றாள். கென்ஃபோ அவர்கள் ஊர்க் களி, நடுவில் குழி செய்து காரநெய் ஊற்றுவார்கள். தோசையை விட்டுவிட்டுக் களியில் உறவு கொண்டாடியிருக்க வேண்டும் நான்.

இன்னொன்று. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் “தெஃப்தானே” என்று நம்பிச் சாப்பிட வேண்டாம். தெஃப்பில் குளூட்டன் இல்லை, சரி. ஆனால் அமெரிக்க உணவகங்களில் கோதுமையோ பார்லியோ கலந்து சுடுவது சாதாரணம். தெஃப் விலை அப்படி. எத்தியோப்பிய அரசு 2006இல் தெஃப் ஏற்றுமதியைத் தடைசெய்து, 2015க்கு மேல்தான் கொஞ்சம் தளர்த்தியது. இங்கே ஐடஹோ மாநிலத்தில் விளைகிறது. முழுத் தெஃப் இஞ்சரா வேண்டுமென்றால் சில கடைகளில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், தனிக்காசு.

7 பிப்ரவரி, இரவு 11.00

“வெங்காயம், மிளகாய்ப்பொடி, பருப்பு, இதுதான் நம்ம காரக்குழம்பு” என்று இடையில் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வோத் என்கிற அவர்கள் குழம்பை வைக்கிற விதத்தைப் பாருங்கள். சட்டியில் எண்ணெய் இல்லாமல், வெறும் சூட்டில், பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு அரைமணி, முக்கால் மணி கிளறுகிறார்கள். ஒட்டினால் ஒரு கரண்டி தண்ணீர். கூழாகக் குழைந்த பிறகுதான் எண்ணெயோ கிபேயோ, அதற்கப்புறம் பெர்பெரே என்ற மசாலாப் பொடி. நாலு பேருக்கு டோரோ வோத் வைக்கத் தோழி உரித்த வெங்காயத்தைப் பார்த்து, பந்தி ஏதும் வைக்கிறாயா என்று கேட்டேன். கோழி பன்னிரண்டு துண்டு, அவித்த முட்டை, மற்றதெல்லாம் வெங்காயம். தேங்காய் கிடையாது, கடைசியில் தாளிப்பு கிடையாது, புளி கிடையாது.

அந்தப் புளியில்தான் இருக்கிறது சூட்சுமம். நமக்குச் சோறு சப்பென்று இருக்கும், குழம்பு புளிக்கும். அங்கே குழம்பில் புளிப்பு இல்லை, சோற்று இடத்தில் இருப்பது புளிக்கிறது. புளிப்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் 2011இல் இஞ்சராவைத் தனியாகக் கடித்துவிட்டு மாவு கெட்டது என்றேன். யாராவது புளிக்கரைசலைத் தனியாகக் குடித்துவிட்டுக் குழம்பு நன்றாக இல்லை என்பார்களா? இஞ்சராவைத் தனியாக ருசி பார்க்காதீர்கள். மிஸிரோடு சேர்த்து ஒரு வாய் வையுங்கள், அப்புறம் பேசலாம்.

பெர்பெரே பொடியைத் தோழி எனக்குப் பிரித்துச் சொன்னாள். மிளகாய், பூண்டு, இஞ்சி, அவர்கள் ஊர் ஏலக்காய், துளசி மாதிரி ஓர் இலை, வெந்தயம், கருஞ்சீரகம், ஓமம். கடைசி மூன்றைக் கேட்டதும் எனக்கு என் பாட்டியின் மருந்துப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. ஓமத்தை வயிற்று வலி இல்லாமல் இவ்வளவு தாராளமாகச் சாப்பிடுகிற ஊரை நான் பார்த்ததில்லை.

10 பிப்ரவரி, காலை 9.30
(கேள்வி கேட்டவர்)

போய்வந்தேன். பிசையவில்லை. மிஸிர் பிரமாதம். நாலாவது வாய்க்கு மேல் புளிப்பு தெரியவே இல்லை. கடைசியில் அடியில் விரித்திருந்த இஞ்சராவைப் பிய்த்துச் சாப்பிட எல்லோரும் போட்டி போட்டார்கள். அதை நான் காகிதம் மாதிரி எறிந்துவிடும் பொருள் என்று நினைத்திருந்தேன். மேலாளர் என் வாயில் எதையோ திணிக்க வந்தார். பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். அது என்ன?

10 பிப்ரவரி, மாலை 6.20

அதுதான் குர்ஷா! சொல்ல மறந்து உங்களை மாட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

நல்ல பெரிய வாயாகச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவரின் வாயில் தன் கையால் ஊட்டுவது. அன்பு, மரியாதை, நட்பு, எல்லாவற்றுக்கும் அதுதான். வாய் எவ்வளவு பெரிதோ அன்பு அவ்வளவு பெரிது. மறுப்பது கொஞ்சம் சங்கடம். எத்தியோப்பியர் அல்லாத மேலாளர் முதல் முறை வந்தவருக்குக் குர்ஷா கொடுத்தது எனக்கே கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது, அதை விடுங்கள்.

எனக்கு முதல் குர்ஷா 2014இல், அதே தோழி. நான் செய்தது உங்களைவிடக் கேவலம். வாயைத் திறக்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கி, அப்புறம் சிரித்தது.

அன்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவள் நான். மொட்டை மாடியில் நிலாச்சோறு. பெரியம்மா ஒரு குண்டானில் வற்றல் குழம்பு சாதம் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த ஏழு பிள்ளைகளுக்கும் உருட்டி உருட்டிக் கொடுப்பார். அதற்கு ஏன் எச்சில் தோன்றவில்லை? பெரியம்மாவின் கை நம் உள்ளங்கையோடு நின்றுவிடும், வாய்க்குப் போவது நம் கை. அவ்வளவு நுணுக்கமாக விதியைக் காப்பாற்றிக்கொண்டே ஊட்டியிருக்கிறார்கள். குர்ஷா அந்தக் கடைசி ஓரங்குலத்தைத் தாண்டுகிறது. நான் கையை நீட்டியது அவமரியாதையாக அல்ல, பழக்க தோஷம். அதை அவளுக்கு விளக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

11 பிப்ரவரி

கைக்குழந்தைக்கு ஊட்டும்போது வாய்க்குள்தானே வைக்கிறோம் என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரிதான். வளர்ந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பாலும் பழமும் ஊட்டிக்கொள்வதும் இருக்கிறது. என் விதியில் நாளுக்கு நாள் ஓட்டை, இஞ்சரா மாதிரி.

2 மார்ச், இரவு 8.45

வீட்டில் இஞ்சரா சுட்ட கதை. இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

எத்தியோப்பிய மளிகைக் கடையில் ஒரு பை தெஃப் மாவு. தோழியிடமிருந்து ஒரு டப்பா எர்ஷோ. மூன்று நாள் புளிக்க வைத்து, அப்சித் காய்ச்சி ஊற்றி, எல்லாம் அவள் சொன்னபடி. அவர்கள் மிதாத் என்கிற மண் ஓட்டில் சுடுவார்கள், இரண்டு அடி அகலம்கூட வரும். இங்கே வீட்டுக்கு மின்சார மிதாத். எனக்கு அதெல்லாம் இல்லை, தோசைக்கல்தான். வெளி விளிம்பிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும், நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்பதற்கு நேர் எதிர். ஊற்றினேன். கண் திறந்தது. திறந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் வலது கை தன்பாட்டுக்குத் தோசைத் திருப்பியை எடுத்து, புரட்டிப் போட்டுவிட்டது.

திறந்த கண்ணெல்லாம் கல்லில் ஒட்டிக்கொண்டு மூடிவிட்டது. முப்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்பதே இல்லை. மூன்றாவது இஞ்சராவுக்கு வீட்டுக்காரர் திருப்பியை ஒளித்து வைத்தார்.

மொத்தம் ஏழு சுட்டேன். இரண்டு இஞ்சரா என்று சொல்லும்படி இருந்தது. மிச்சத்தைப் பிய்த்துப் போட்டுப் பெர்பெரேயும் எண்ணெயும் ஊற்றிக் கிளறினேன். பழைய இஞ்சராவுக்கு அங்கேயும் அதுதான் கதி, ஃபிர்ஃபிர் என்று காலைச் சாப்பாடு. நம் தோசை உப்புமாவும் அதுவும் சொந்த அக்கா தங்கை. இது ஒன்றில் மட்டும் ஒப்பிட்டதற்கு வெட்கப்படமாட்டேன்.

12 மார்ச்

நேற்று அவர்களுடைய பெரிய விரதம் தொடங்கிவிட்டது. 55 நாள். மே 5இல் பாஸ்கா, அவர்களுடைய ஈஸ்டர். சைவக்காரர்கள் இந்த இரண்டு மாதத்துக்குள் போய்விடுங்கள், விரதச் சமையல் அதன் உச்சத்தில் இருக்கும். மற்ற விரதங்களையும் புதன், வெள்ளியையும் சேர்த்தால் வருடத்தில் ஏறக்குறையப் பாதி வந்துவிடும். பாதி வருடம் புரட்டாசி! அத்தனை பருப்பு வகை எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

15 மார்ச், இரவு 10.30

கிட்ஃபோ பற்றித் துருவித் துருவிக் கேட்கிறவருக்கு: ஆமாம், பச்சை மாட்டிறைச்சி, பொடியாகக் கொத்தி, மித்மிதா என்ற கடுங்காரப் பொடியும் கிபேயும் சேர்த்துக் கொடுப்பார்கள். லேசாகச் சூடு காட்டித் தரச்சொல்ல “லெப் லெப்” என்ற சொல் இருக்கிறது. வீட்டுக்காரர் அப்படித்தான் சாப்பிட்டார், நன்றாக இருந்ததாம். நான் பக்கத்தில் வைத்த ஆயிப் என்ற பாலாடைக் கட்டியோடு ஒதுங்கிக்கொண்டேன்.

சுவரில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பார்த்தீர்களா? தோழி எழுதிக் காட்டியபோது அசந்துபோனேன். லெ, லு, லீ, லா, லே, ல், லோ. ஓர் அடிப்படை எழுத்து, உயிர் மாறினால் காலோ கையோ முளைக்கும். நம் உயிர்மெய் வரிசைதான். 33 எழுத்து, ஏழு வரிசை, 231. நாங்கள் 247 என்று பெருமையடித்தேன். “எங்களுக்கு இன்னும் கூடுதல் எழுத்துகள் தனியாக உண்டு” என்று வாயை அடைத்துவிட்டாள்.

16 மார்ச்

மணியிலும் ஏமாறாதீர்கள். அவர்களுக்கு நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. தோழியின் அம்மா ஞாயிறு ஆறு மணிக்குச் சாப்பிட வா என்று தொலைபேசியில் சொன்னார். மாலை ஆறு மணிக்குப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். திரும்ப உலை வைத்துவிட்டார்கள், அதுதான் அவமானம்.

21 ஏப்ரல், மாலை 4.00

நேற்று காபிச் சடங்குக்காக மட்டும் ஓர் இடத்துக்குப் போனோம். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் காபிக்கொட்டையை எதிரிலேயே வாணலியில் வறுத்தார் அந்தப் பெண். புகை கிளம்பியதும் வாணலியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுவந்து காட்டுகிறார். கற்பூரத் தட்டு வந்த மாதிரி எல்லோரும் கையால் புகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய்ச் சமாளித்தேன்.

ஜெபெனா என்ற நீள்கழுத்து மண் குடுவையில் காய்ச்சி, பிடியில்லாச் சின்னக் கோப்பையில் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். மூன்று சுற்று. அபோல், தோனா, பெரெகா. அதே தூளில் திரும்பத் திரும்பத் தண்ணீர் விடுவதால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட இளசு. பெரெகா என்றால் ஆசீர்வாதம், அதற்கு முன் எழுந்து போகக்கூடாது. தொட்டுக்கொள்ள மக்காச்சோளப் பொரி. பால் கிடையாது. டிகிரி காபிக்காரி என்ற கர்வத்தோடு போனேன். காபி பிறந்ததே அவர்களுடைய தென்மேற்குக் காடுகளில் என்பது மூன்றாவது கோப்பையில்தான் உறைத்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவசரமாக இருப்பவர்கள் போகவேண்டாம்.

பக்கத்து மேசையில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர், “இந்தியாவா?” என்று கேட்டார். ஹைலே செலாசி மன்னர் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறைய இருந்தார்கள், கேரளத்துக்காரர்கள் அதிகம். இவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரும் தெற்கத்திக்காரர்தான். பத்து வருடம் அந்த ஊரில் இருந்தாராம். “ஒரு நாள்கூட இஞ்சரா தொட்டதில்லை. அரிசி தேடிப் பேருந்து ஏறிப் போவார்” என்றார் பெரியவர், இத்தனை வருடம் கழித்தும் வருத்தமாக. 1974இல் மன்னராட்சி கவிழ்ந்து ராணுவம் வந்தபின் இவர் வாஷிங்டன் வந்திருக்கிறார். ஆடம்ஸ் மார்கன் பகுதியில் இருந்திருக்கிறார், வாடகை ஏற ஏற சில்வர் ஸ்பிரிங். உணவகங்களும் அதே வழியில்தான் நகர்ந்து வந்திருக்கின்றன.

நான் 2011இல் கேட்ட நாலு வெள்ளைத் தட்டை அவரிடம் சொல்லவில்லை.

14 ஜூலை, இரவு 9.50

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஆறு மாத விசாவில். 71 வயது, தஞ்சாவூர்ப் பக்கம். நேற்று அழைத்துப் போனேன். போகும் முன் அம்மாவுக்கு மட்டும் தனித்தட்டு என்று நானே தொலைபேசியில் சொல்லி வைத்தேன். இந்த முறை கூச்சப்படவில்லை. வயதானவர்களுக்கு வேண்டியதைச் செய்வதில் அவர்கள் நம்மைவிடத் தாராளம்.

அம்மா மிஸிரை மோந்து பார்த்து, “ஓமம் போட்டிருக்கான்” என்றார், யாரும் சொல்லாமல். கோமென் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இஞ்சராவைக் கிழித்து, மடித்து, விரலில் ஒட்டாமல் எடுத்தார். எனக்குப் பத்து வருடம் ஆன வித்தை. கேட்டால், “பூரி சாப்பிடற மாதிரிதானேடி, இதுல என்ன இருக்கு” என்கிறார். பூரி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

கடைசியில் கடைக்கார அம்மா வந்தார், கிட்டத்தட்ட அதே வயது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, இஞ்சராவில் கிக் அலிச்சாவைச் சுருட்டி, அம்மாவின் வாயருகே நீட்டினார். எனக்கு இங்கே அடிவயிறு கலங்கியது. அம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வலது உள்ளங்கையைக் குவித்து, கீழே இடது கையைத் தாங்கலாக வைத்து, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி நீட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் வைத்தார். அம்மா அண்ணாந்து, உதடு படாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

2014இல் நான் செய்த அதே காரியம். எனக்குச் சுருங்கிய முகம் கிடைத்தது, அம்மாவுக்குச் சிரிப்பு கிடைத்தது. கையை நீட்டும் விதத்தில் இருக்கிறது போலும்.

ஒரு குர்ஷாவோடு நிறுத்தினால் ஆகாது என்று அந்த அம்மா இன்னொன்றும் கொடுத்தார். இரண்டாவதும் உள்ளங்கையில்தான்.

15 ஜூலை

அம்மா வாயைத் திறந்தார் என்று முடித்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒருவர். திறக்கவில்லையே, நான் என்ன செய்ய?

11 செப்டம்பர், இரவு 10.15

இன்று அவர்களுக்குப் புத்தாண்டு, என்குதாதாஷ். 2017 பிறந்திருக்கிறது. நம் கணக்குக்கு ஏழெட்டு வருடம் இளையவர்கள், மாதமும் பதின்மூன்று. தோழி வீட்டில் டோரோ வோத். இந்த முறை நேரத்துக்குப் போனேன், குர்ஷாவுக்கு வாயையும் திறந்தேன். முட்டையை முழுசாக வைத்துவிட்டாள். ஐந்து நிமிடம் பேச முடியவில்லை.

அம்மா போன மாதம் ஊர் திரும்பிவிட்டார், ஆறு மாதம் தாங்கவில்லை. போகும்போது கால் கிலோ பெர்பெரே கொடுத்து, செய்முறையும் எழுதிக் கொடுத்தேன். இன்று காலை பேசினார். வெங்காயத்தை எண்ணெய் விடாமல் முக்கால் மணி வதக்கினாராம், கை வலி கண்டதாம். பொடி போட்டு, பருப்பு போட்டு, எல்லாம் நான் எழுதினபடியே. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி கரைச்சு ஊத்துனேன். இல்லன்னா எறங்கல.”